அமரத்திலிருந்து தொடங்கு

சுக்கு விற்கும் ஊரில் சுக்கான் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்தால் இன்றும் காய்ந்த இஞ்சி வாசம் மூக்கில் ஏறும். அங்குள்ள பழைய கிட்டங்கிகளுக்கு இரண்டு வாசல். ஒன்று தெருவைப் பார்த்து, மற்றது காயலைப் பார்த்து. தெரு வாசலில் விலை பேசுவார்கள், காயல் வாசலில் சரக்கு ஏறும். நாற்பது வருடமாக என் பிழைப்பு அந்தக் காயல் வாசல் பக்கம்தான்.

அப்பா தூத்துக்குடித் தோணியில் சுக்கானி. உப்பும் கருவாடும் ஏற்றிக் கொச்சிக்கு வந்துபோனவர், ஒரு நடையில் காய்ச்சலோடு கரையிறங்கி, இங்கே ஒரு படகுப் பட்டறையில் ஒட்டிக்கொண்டார். நான் பிறந்தது இங்கே. வீட்டில் தூத்துக்குடித் தமிழ், தெருவில் மலையாளம், அடுத்த சந்தில் கொங்கணி, அதற்கடுத்ததில் குஜராத்தி. இத்தனை மொழிக்காரர்களும் ஒரு சொல்லில் மட்டும் ஒத்துப்போவார்கள். நமக்குச் சுக்கான், மலையாளிக்கும் சுக்கான், குஜராத்திக்குச் சுகான். அரபு மாலுமிகள் விட்டுப்போன சொல் அது. சுக்கானைப் பிடிப்பவன் சுக்கானி. அதையே வெள்ளைக்காரக் கப்பல்காரர்கள் ‘சீக்கன்னி’ என்று திரித்துத் தங்கள் ஆள்கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

இந்தக் கதையெல்லாம் நினைவுக்கு வரக் காரணம் ஒரு பழைய பாய்ப்படகு. மூன்று வருடத்துக்கு முன் போல்காட்டித் தீவு மரீனாவிலிருந்து ஆள் வந்தது. 1744இல் டச்சுக்காரர் கட்டிய மாளிகையை ஒட்டியிருக்கிறது அந்த மரீனா. இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் அங்கே இளைப்பாறும். இந்தப் படகு 1980களில் வார்த்த ஃபைபர் படகு, முப்பத்தாறு அடி. உரிமையாளருக்கு எழுபது வயது இருக்கும். ஸ்டீயரிங் சக்கரத்தைக் காட்டி, “இதைத் திருப்பத் திருப்ப என் தோள் போய்விட்டது” என்றார்.

தொட்டுப் பார்த்தேன். ஈரத்தில் உப்பிய கதவைத் தள்ளுவது போலிருந்தது. அதற்கு முந்தைய வருடம் வேறொரு துறைமுகத்தில் படகைக் கரையேற்றி மூன்று மாதம் வைத்திருந்தார்களாம். அங்கிருந்த மெக்கானிக் கப்பிகளை மாற்றி, எல்லா மூட்டிலும் கிரீஸ் திணித்திருக்கிறார். தண்ணீரில் இறக்கியபோது சக்கரம் பூப்போலச் சுற்றியதாம். இரண்டு மாதக் கடலோட்டத்தில் பழையபடி கனத்துவிட்டது. “கிரீஸ் தீர்ந்துவிட்டது போல. இன்னும் கொஞ்சம் வைத்தால் சரியாகிவிடும்” என்றார் உரிமையாளர்.

எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. “கை கனத்தா கையப் பாக்காத ல. அமரத்துக்குப் போ.”

படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். சுக்கான் இருப்பது அமரத்தில். கனம் எங்கே தெரிகிறதோ அங்கே கோளாறு இருக்கும் என்று நினைப்பது மனித சுபாவம். சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் இடையே சங்கிலி, கம்பிவடம், கப்பிகள், தானியங்கி ஸ்டீயரிங்கின் தண்டு, சுக்கான் தண்டின் தலையில் கால்வட்ட வடிவில் ஓர் இரும்பு, தண்டைச் சுற்றித் தண்ணீர் ஏறாமல் அடைக்கும் கிளாண்ட், கீழே தண்டைத் தாங்கும் புஷ் என்று ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கிறது. இதில் யார் முரண்டு பிடித்தாலும் பழி சக்கரத்தின் தலையில்தான் விழும்.

அப்பா முதலில் கேட்பது, “பாய் இழுக்குதா, சுக்கான் இழுக்குதா?” என்று. ஓடும்போது மட்டும் கனத்தால் பாயைச் சந்தேகிக்க வேண்டும். காற்றுக்கு மிஞ்சிப் பாய் விரித்தால் படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், சுக்கானி அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இந்தப் படகோ துறையில் கட்டிக் கிடக்கும்போதே கனத்தது. பாய்மேல் குற்றமில்லை.

அடுத்து, உள்ளே தவழ்ந்துபோய்த் தானியங்கித் தண்டைக் கழற்றினேன். மாற்றமில்லை. கம்பிவடம் இரண்டையும் தளர்த்தி, கால்வட்ட இரும்பிலிருந்து விடுவித்தேன். மேலே போய்ச் சக்கரத்தை ஒரு விரலால் தட்டினேன். ராட்டினம் போலச் சுற்றியது. ஆக, கப்பி, சங்கிலி, வடம் எல்லாம் நிரபராதிகள். சக்கரம் வைத்த பாய்ப்படகுகளில் அவசரத்துக்கென்று ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைச் சுக்கான் தண்டின் தலையில் நேராக மாட்டித் தள்ளினேன். குழவி மாட்டிய ஆட்டுக்கல் போல முனகிக்கொண்டு நகர்ந்தது. கோளாறு கீழே.

அன்று சாயங்காலம் படகில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. கால்மணி நேரத்தில் நான் முந்நூறு வருடம் பின்னால் போய் வந்திருக்கிறேன். சக்கரத்தைக் கழித்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தால், அது சக்கரம் வருவதற்கு முந்தைய காலம். சுக்கானின் சரித்திரம் முழுவதும் கைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒவ்வொரு பொருளாகச் செருகிய கதை. பழுது பார்ப்பவனின் வேலை அந்தச் சரித்திரத்தைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவது.

செருகல் ஏதும் இல்லாத காலம் எப்படி இருந்தது என்று பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டாம். ஆலப்புழைக்குப் போனால் போதும். சுண்டன் வள்ளத்தில் சுக்கானே கிடையாது. உயர்ந்து நிற்கும் அமரத்தில் நாலைந்து பேர் நீண்ட துடுப்புகளோடு நிற்பார்கள். அவர்களுக்கு அமரக்காரர் என்று பெயர். நூறடிக்கு மேல் நீளமான வள்ளத்தை அவர்களின் தோளும் இடுப்பும்தான் திருப்பும். நம் கட்டுமரத்திலும் துடுப்புதான் திசை சொல்லும். கைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரே ஒரு மரத்துண்டு. மூட்டு இல்லை, உராய்வு இல்லை, கிரீஸும் இல்லை. கனத்தால் அது நீரோட்டத்தின் கனம், அல்லது சொந்த வயதின் கனம்.

கொச்சித் துறைமுகமே நீண்ட காலம் இப்படித்தான் பிழைத்தது. 1341இல் பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர்ப் பக்கத்து முகத்துவாரத்தைத் தூர்த்து, இங்கே வாயைத் திறந்துவிட்டது என்பார்கள். திறந்த வாயில் மணல்திட்டு இருந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட, வள்ளங்கள்தான் துடுப்பும் கழியுமாகச் சரக்கை இங்கும் அங்கும் சுமந்தன. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி வழி செய்து, தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவையும் எழுப்பினார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. அதுவரை மிளகின் கடைசிச் சில மைல்களுக்கு வழிகாட்டியது அமரக்காரனின் கைதான்.

துடுப்பை அமரத்திலேயே நிலையாகப் பொருத்தியது பெரிய தாண்டல். சீனர்கள் முதல் நூற்றாண்டு வாக்கிலேயே அதைச் செய்துவிட்டார்கள். குவாங்சௌவில் கிடைத்த களிமண் கப்பல் பொம்மையில் அமரத்துச் சுக்கான் தெளிவாகத் தெரிகிறது. அரபுக்கடல் பக்கம் ஒரு சிக்கல் இருந்தது. இங்கே கப்பலுக்கு ஆணி அடிப்பதில்லை. பலகைகளைக் கயிற்றால் தைப்பார்கள். நம் ‘கயிறு’தான் மலையாளம் வழியே ஆங்கிலத்தில் ‘காயர்’ ஆனது. தைத்த கப்பலில் சுக்கானையும் கயிறு கொண்டே கட்டி, இடமும் வலமும் இரண்டு கயிறு இழுத்து ஓட்டினார்கள். செங்கடலில் பயணம் செய்த பத்தாம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர் அல்-முகத்தசி அதை எழுதி வைத்திருக்கிறார். தலைவன் உயரத்தில் உட்கார்ந்து பாறைகளைப் பார்த்துச் சொல்ல, இரண்டு பையன்கள் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல, சுக்கானி கையிலுள்ள இரண்டு கயிறுகளில் ஒன்றை இழுப்பானாம். 1237இல் அல்-வாசிதி தீட்டிய புகழ்பெற்ற ஓவியமொன்றில், பயணிகள் நிறைந்த கப்பலின் அமரத்தில் சுக்கான் தொங்குவதைக் காணலாம்.

நான் அன்று தளர்த்திய துருப்பிடிக்காத கம்பிவடமும் இடம் ஒன்று, வலம் ஒன்றுதான். ஆயிரம் வருடத்தில் கயிறு எஃகாகியிருக்கிறது. இழுப்பு அதேதான்.

1500 டிசம்பரில் போர்த்துக்கீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தபோது வேறொரு மூட்டு இங்கே வந்து சேர்ந்தது. ஐரோப்பியக் கப்பலின் சுக்கான் கதவைப் போல இரும்புக் கீலில் ஆடியது. சுக்கானில் முளைகள், கப்பலின் பின்மரத்தில் வளையங்கள். கயிற்றைவிட உறுதி, பாரம் எவ்வளவு வந்தாலும் தாங்கும். ஆனால் இரும்பும் இரும்பும் உரசும், துரு ஏறும், சிப்பி ஒட்டும். கப்பலின் அமரத்தட்டு மாடிமேல் மாடியாக உயர்ந்ததால் சுக்கானின் கைப்பிடி உள்தட்டுக்குள் புதைந்துபோனது. அதை அசைக்க மேலிருந்து செங்குத்தாக ஒரு நெம்புகோல் இறக்கினார்கள். சுக்கானி இருட்டுத் தட்டில் நின்று நெம்ப, பாயைப் பார்க்கிறவன் மேலிருந்து கத்துவான். அல்-முகத்தசி கண்ட பையன்கள் செய்த வேலைதான். அந்த நெம்புகோலால் சுக்கானைச் சிறிய கோணத்துக்குத்தான் திருப்ப முடியும். பெரிய காற்றில் பலர் சேர்ந்து கைப்பிடியில் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது.

1663இல் போர்த்துக்கீசியர் போய் டச்சுக்காரர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். நடுவே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பியக் கப்பல்களில் ஸ்டீயரிங் சக்கரம் வந்துவிட்டது. சக்கரத்தின் நடுவிலிருக்கும் உருளையில் கயிற்றைச் சுற்றி, கப்பிகள் வழியே கீழ்த்தட்டுக்கு இறக்கி, கைப்பிடியின் முனையில் கட்டினார்கள். சுக்கானி முதன்முதலாகப் பாயைப் பார்த்துக்கொண்டே திருப்பினான். கூடவே இழுபடும் கயிறு, தேயும் கப்பி, இறுகும் உருளை என்று மூன்று புதிய நோய்களும் ஏறின.

அப்படிச் சக்கரம் வைத்த கப்பல்கள் கொச்சியிலேயே பிறந்தன. பிரிட்டிஷ் கடற்படைக்காக 28 பீரங்கி தாங்கும் மூன்று தேக்குக் கப்பல்கள் இங்கே நீரில் இறங்கின: 1821இல் ‘அலிகேட்டர்’, 1822இல் ‘சமராங்’, அதே வருடம் ‘டெர்மகன்ட்’. மூன்றாவது 1824இல் ‘ஹெரால்ட்’ என்று பெயர் மாறி, பிற்பாடு பசிபிக் தீவுகளை அளந்து வரைபடம் போட்ட புகழ் பெற்றது. 1862இல் சிட்னியில் விற்கப்படும்வரை நாற்பது வருடம் உழைத்த கப்பல் அது. தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பை லேசில் அரிக்க விடாது. ஓக் மரம் ஆணியைத் தின்றுவிடும். தேக்குக் கப்பல் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் நீராவி வந்தது. 1860களில் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற ராட்சதக் கப்பலில் சுக்கானைத் திருப்ப நீராவி எந்திரமே வைத்தார்கள். அதன் வாரிசான எண்ணெய் அழுத்த முறைதான் இன்றைய பெரிய கப்பல்களில். எங்கள் ஊர்க் கப்பல்தளத்தில் கட்டி 2022 செப்டம்பர் 2இல் கடற்படையில் சேர்ந்த ‘விக்ராந்த்’ 262 மீட்டர் நீளம். அதைத் திருப்புகிறவர் கையில் கடலின் கனம் துளியும் ஏறாது. சுக்கான் கனத்தால் கையைவிட மீட்டர்முள் முதலில் சொல்லும்.

சின்னப் பாய்ப்படகில் அப்படி இல்லை. கையில் ஏறும் கனம்தான் அங்கே மீட்டர்.

மறுவாரம் தோப்பும்படிப் பக்கம் ஒரு பட்டறையில் படகைத் தூக்கினோம். சுக்கானுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே சின்னச் சிப்பிகள் கல்லாக ஒட்டியிருந்தன. மழையில் நன்னீர், கோடையில் உப்புநீர் என்று மாறும் கொச்சிக் காயலில் இது வழக்கம். சுரண்டித் தள்ளியும் சுக்கான் இளகவில்லை. கைப்பிடியை மாட்டி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் இளகினால் தண்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் கனம் எங்கும் ஒரே சீர். கிளாண்டின் நட்டைத் தளர்த்தினேன், ஒரு மயிரளவு இளகியது. மிச்சம் இருந்தது புஷ் ஒன்றுதான்.

என்னோடு வந்த ஆசாரிச் சேட்டன் ஆஞ்சிலி மரத்தில் வள்ளம் செய்து கை காய்த்தவர். தண்டை இறக்கி, வெள்ளை நைலான் புஷ்ஷைத் தட்டி எடுத்ததும் சிரித்தார். “வெள்ளத்தில் கிடக்குன்னதல்லே, வீர்க்கும்.” தண்ணீரில் கிடக்கிறதே, வீங்கத்தானே செய்யும்!

மரத்தை அறிந்தவருக்கு அது ஒரு நொடிச் சங்கதி. நைலான் ஊறினால் தன் எடையில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்குவரை தண்ணீர் குடிக்கும். குடித்தால் வீங்கும். வெளியே உலோகக் கூடு இருப்பதால் உள்ளே தண்டின் பக்கம் நெருக்கும். உப்பும் பழைய கிரீஸும் சேர்ந்து அரைத்த பசையாகி, இருந்த இடைவெளியையும் அடைத்திருந்தன. மூன்று மாதம் கரையில் கிடந்தபோது புஷ் உலர்ந்து சுருங்கியிருக்கிறது. அன்று சக்கரம் பூப்போலச் சுற்றியது வெயிலின் புண்ணியம். பெயர் கிரீஸுக்குப் போனது.

தோணிக்காரர்கள் இதற்கு விதி வைத்திருந்தார்கள். புதிதாகச் செய்த சுக்கானைப் பூட்டும்போது மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே காலணாக் காசு தடையில்லாமல் போய்வர வேண்டும் என்பார் அப்பா. கரையில் லொடலொடவென்று ஆடுவதைப் பார்த்துப் புது ஆள் கேலி செய்வானாம். ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தால் ஆட்டம் அடங்கிவிடும். புன்னை எண்ணெய் தடவுவதும் மரம் அதிகம் குடிக்காமல் இருக்கத்தான். மரம் போய்ப் பிளாஸ்டிக் வந்ததும், பிளாஸ்டிக் குடிக்காது என்று நம்பிக் காலணா விதியைக் கைவிட்டார்கள்.

லேத் பட்டறையில் அசிட்டால் என்ற வேறு பிளாஸ்டிக்கில் புது புஷ் கடைந்தோம். அது ஊறினாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கிட்டத்தான் குடிக்கும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் விட்டேன். காலணா இப்போது ஏது? அடுக்குத் தகடு வைத்து அளந்தேன்.

ஸ்டீயரிங் பழுது கடலில் விளையாட்டில்லை. கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் ‘தாரிணி’ என்ற ஐம்பத்தைந்து அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றினார்களே, 2018 ஏப்ரலில், பயணம் முடியும் தறுவாயில், ஸ்டீயரிங் கோளாறால்தான் திட்டத்தில் இல்லாத மொரீசியஸில் ஒதுங்கினார்கள். சரிசெய்துகொண்டு மே 21 அன்று கோவா சேர்ந்தார்கள். அதே தாரிணியில் 2024 அக்டோபரிலிருந்து 2025 மே வரை இரண்டே பேர் உலகைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் கோழிக்கோட்டு தில்னா, மற்றவர் புதுச்சேரி ரூபா. மலையாளமும் தமிழும் ஒரே சுக்கானைப் பிடித்ததில் மட்டாஞ்சேரித் தமிழனான எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாய்ப்படகோ, விசைப்படகோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வருடத்துக்கு ஒரு முறை, படகு தண்ணீரில் கிடக்கும்போதே, வடத்தைக் கழற்றிவிட்டுச் சுக்கானைக் கையால் திருப்பிப் பாருங்கள். எங்கே கனம் என்பது அப்போதே பிரிந்துவிடும். கிரீஸ் டப்பாவை அதற்குப் பிறகு திறக்கலாம்.

அந்தப் பழைய நைலான் புஷ் என் மேசையில் காகிதங்களுக்குப் பாரமாகக் கிடக்கிறது. லேத்காரர் அளவுக்காகத் தண்டின் தடிமனில் கடைந்து தந்த ஒரு துண்டுக் குழாயும் பக்கத்தில் இருக்கிறது. கழற்றிய அன்று அந்தக் குழாய் புஷ்ஷுக்குள் நுழையவே மறுத்தது. இரண்டு கோடை கழிந்த பிறகு, போன மாதம் போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. கரையில் வைத்துப் பார்த்தால் அந்தப் புஷ்ஷில் ஒரு குறையும் இல்லை.